எரியாத சிவப்பு விளக்கு

சென்ற ஆண்டு ரபீஉல் ஆகிர் மாதத்தில் ஒரு நாள் சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு பள்ளிவாசல் படியில் இறங்கும்போது தொலைபேசி ஒலித்தது. பேசியவர் என் தங்கையின் கணவர். கோவையில் ஒரு வலீமா விருந்துக்குச் சென்று, இரவு அங்கேயே தங்கி, விடிவதற்கு முன்பே ஊருக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். தெக்கலூர் தாண்டியதும் புறவழிச் சாலையில் மெதுவாகச் சென்றுகொண்டிருந்த சரக்கு வண்டி ஒன்றின் பின்புறத்தில் கார் மோதிவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ், எல்லாரும் உயிரோடு இருக்கிறோம் மச்சான், பதறாதீங்க" என்றார். பதற வேண்டாம் என்று யாராவது சொல்லும்போதுதான் நமக்குக் கை கால் நடுங்கத் தொடங்குகிறது.

அந்தச் சாலையின் பெயரைக் கேட்டாலே அவிநாசிக்காரர்களுக்கு நெஞ்சு திக்கென்று இருக்கும். 2020 பிப்ரவரி 20ஆம் தேதி, இதேபோல் விடியாத நேரத்தில், பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் நோக்கிச் சென்ற கேரள அரசுப் பேருந்தின் மீது, எதிர்த்திசையில் வந்த கன்டெய்னர் லாரி நடுத்திட்டைத் தாண்டிப் பாய்ந்ததில் 19 உயிர்கள் போனது எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான். அன்று எங்கள் அரசு மருத்துவமனை வாசலில் மலையாளத்தில் அழுத குரல்களை நான் இன்னும் மறக்கவில்லை. இப்போது அதே வாசலை நோக்கித்தான் ஓடினேன்.

அல்லாஹ்வின் கிருபையால் நான் அஞ்சியது போல் எதுவும் இல்லை. மச்சானுக்கு மணிக்கட்டில் வீக்கம். தங்கைக்கு சீட் பெல்ட் அழுத்திய இடத்தில், தோளிலிருந்து விலாவரை, ஒரு செந்நிறக் கோடு. அவள் மடியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பையனுக்குத்தான் நெற்றி கிழிந்து ஐந்து தையல். அழுது ஓய்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். தங்கை என்னைப் பார்த்ததும் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, இந்தக் காரில் இரண்டு ஏர்பேக் இருக்குன்னுதானே சொல்லி வாங்கினோம்? ஒண்ணுகூட ஏன் திறக்கலை?"

அந்தக் கேள்வி என்னிடம் ஏன் கேட்கப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காரை வாங்கிக் கொடுத்தவன் நான். விற்றவர் பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு தம்பி. சிறு வயதில் எங்கள் மக்தபில் என்னிடம் ஓதியவர். 2017ஆம் ஆண்டுப் பதிவு கொண்ட சிறிய கார். அந்த நாளில் எல்லாக் கார்களிலும் காற்றுப்பை கட்டாயமில்லை. விலை கூடிய வகைகளில் மட்டும்தான் இருக்கும். ஆகவே அந்தத் தம்பி அதைத்தான் முதலில் எடுத்துச் சொன்னார்: "இது இரண்டு ஏர்பேக் உள்ள வண்டிங்க ஹஜ்ரத், குடும்பத்தோட போறவங்களுக்கு ஏத்தது." 3 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்குப் பேசி முடித்தோம். பத்திரத்தில், "உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது, பின்னால் எந்தக் குறைக்கும் விற்பவர் பொறுப்பல்ல" என்று ஒரு வரி இருந்தது. எல்லாரும் எழுதுவதுதானே என்று விட்டுவிட்டோம். மச்சான் சற்றுத் தயங்கியபோது, "நம்ம பிள்ளைதான், நம்பி வாங்கலாம்" என்று வாக்குக் கொடுத்ததும் நானேதான். நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். பௌதிகம் எனக்குப் பத்தாம் வகுப்போடு நின்றுபோயிற்று. காரின் முன்மூடியைத் திறந்து பார்த்து, ஏதோ தெரிந்தவன் போலத் தலையை ஆட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது.

மூன்று நாள் கழித்துக் காரை ஊரில் உள்ள ஒரு மின் பழுது நீக்குபவரின் பட்டறைக்கு இழுத்துச் சென்றோம். முப்பது வயதுக்குள் இருக்கும் இளைஞர். நல்ல வேலைக்காரர். காரைத் தொடுவதற்கு முன், சாவியை ஒரு திருப்புத் திருப்பி முன்பலகையை உற்றுப் பார்த்தார். எண்ணெய் விளக்கு, பாட்டரி விளக்கு, பிரேக் விளக்கு எல்லாம் எரிந்தன. அவர் சாவியை அணைத்து மறுபடி திருப்பினார். மூன்றாம் முறையும் திருப்பினார்.

"ஏனுங்க பாய், வாங்கும்போது இதைப் பார்த்தீங்களா? ஏர்பேக் விளக்கு எரியவே இல்லைங்க."

எரியாவிட்டால் நல்லதுதானே என்று கேட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தால் கோளாறு, எரியாவிட்டால் கோளாறு இல்லை என்பதுதான் அன்றுவரை என் அறிவு. அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். ஓர் ஆள் சட்டையுடன் உட்கார்ந்து கைப்பந்தை மடியில் வைத்திருப்பது போன்ற அந்தச் சிறு படம், சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டும். சில விநாடிகள் எரிந்துவிட்டுத் தானாக அணைய வேண்டும். அந்தச் சில விநாடிகளில் காரில் உள்ள ஒரு சிறு பெட்டி தன் உறுப்புகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொள்கிறது. எல்லாம் சரி என்றால் விளக்கை அணைக்கிறது. எரிந்தபடியே நின்றால் கோளாறு. ஆனால் எரியவே எரியாவிட்டால் அது இன்னும் பெரிய சந்தேகம். யாரோ அந்த விளக்கின் வாயைக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, தேநீர் சொல்லி, நாங்கள் குடித்து முடிக்கும்வரை அவர் காரைத் தொடவில்லை. இணைப்பைக் கழற்றினாலும் அந்தப் பெட்டிக்குள் சிறிது மின்சாரம் சேமித்து வைக்கப்பட்டிருக்குமாம். மோதலில் பாட்டரியே நசுங்கிப் போனாலும் பை திறக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அது வடிவதற்குச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு ஸ்டியரிங்கின் நடுவில் உள்ள மூடியைக் கழற்றினார். மூடியின் உட்புறத்தில் பசை போட்டு ஒட்டிய தழும்பு. அதன் பின்னால் பை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மஞ்சள் உறை போட்ட இரண்டு கம்பிகள் மட்டும் டேப் சுற்றித் தொங்கின. பக்கத்து இருக்கைக்கு எதிரே முன்பலகையில் கிழிந்த இடத்தைப் பூசி, சாயம் அடித்து மறைத்திருந்தார்கள். அதற்குள்ளும் ஒன்றுமில்லை. முன்பலகையின் அளவுமானிகளைக் கழற்றியபோது, அந்தச் சிவப்பு விளக்கின் மேல் யாரோ கறுப்புச் சாயத்தை ஒரு பொட்டுப்போல வைத்திருப்பது தெரிந்தது.

வண்டி இதற்கு முன்பே ஒருமுறை பலமாக மோதியிருக்கிறது. பைகள் அப்போதே திறந்துவிட்டன. திறந்த பைகளை அறுத்து எறிந்துவிட்டு வெளிப்பூச்சை மட்டும் சீர்செய்து விற்றிருக்கிறார்கள் என்றார் அவர். கியர் கம்பிக்கு அடியில், காரின் நடு முதுகில் இறுக முடுக்கப்பட்டிருந்த பெட்டியைக் காட்டினார். உள்ளங்கை அகலம்கூட இல்லை. அதில் தன் கருவியை இணைத்துப் பார்த்தபோது, பழைய மோதலின் பதிவு அதற்குள் அப்படியே இருந்தது. ஒருமுறை பைகளைத் திறந்துவிட்ட பெட்டி அந்த நிகழ்ச்சியைத் தன்னுள் பூட்டிக்கொள்கிறது. மறுபடி வேலை செய்ய மறுக்கிறது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பது கார் செய்பவர்களின் விதி. சாயம் பூசி விளக்கை மறைத்த மனிதரால் அந்தப் பெட்டியின் சாட்சியத்தை மறைக்க முடியவில்லை. இன்னும் கைதேர்ந்தவர்கள் பைக்குப் பதிலாக இரண்டு ஓம் அளவுள்ள சிறு மின்தடை ஒன்றைச் செருகி, பை இருப்பதாகவே பெட்டியை நம்பவைத்துவிடுவார்களாம். அப்போது விளக்கும் ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும். கருவியிலும் தெரியாது, பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அன்று மாலைவரை அந்தப் பட்டறையில் ஒரு மாணவனைப் போல உட்கார்ந்திருந்தேன். நான் சிறுவனாக இருந்தபோது ஊரில் ஓடிய அம்பாஸடர் கார்களில் நான் அறிந்த மின்பொருட்கள் விளக்கும் ஹாரனும்தான். பழுதானால் ஸ்பேனரும் சுத்தியலும் போதும். கார்புரேட்டரைக் கழற்றி வாயால் ஊதுவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருள் செல்ல வேண்டும் என்பதை ஒரு பெட்டி கணக்கிடுகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதை இன்னொரு பெட்டி பார்த்துக்கொள்கிறது. இவற்றுள் காற்றுப்பைக்கான பெட்டியின் பணிதான் விசித்திரமானது. பத்தாண்டுகள் ஒரு வேலையும் செய்யாமல் விழித்திருந்து, ஒரே ஒரு விநாடியின் சிறு பகுதியில் முடிவெடுக்க வேண்டும்.

அதற்குள் கார் எவ்வளவு வேகமாக வேகம் இழக்கிறது என்பதை அளக்கும் நுண்கருவி இருக்கிறது. பள்ளத்தில் சக்கரம் விழுந்தாலும் குலுங்கும். யாராவது கதவை ஓங்கி அறைந்தாலும் குலுங்கும். அவற்றையெல்லாம் மோதலிலிருந்து பிரித்தறிய வேண்டும். அசையாத சுவரில் நேராக மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மோதியதற்கு ஒப்பான அதிர்ச்சி என்றால், பெட்டி ஒரு மின்பொறியை அனுப்புகிறது. பைக்குப் பின்னால் உள்ள சிறு உலோகக் குடுவையில் அடைத்த வேதிப்பொருள் எரிந்து வாயுவாக மாறுகிறது. விநாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய 30 பங்கு நேரத்தில் பை நிறைந்துவிடுகிறது. நாம் ஒருமுறை கண்ணிமைப்பதற்கு இதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். முகம் வந்து புதைந்ததும் பையின் பின்புறத்துத் துளைகள் வழியே வாயு வெளியேற, பை தளர்ந்து முகத்தை ஏந்திக்கொள்கிறது.

தறியும் தையல் எந்திரமும் சோறு போடும் ஊரில் பிறந்தவன் என்பதால் இன்னொன்றையும் ஆவலோடு கேட்டுக்கொண்டேன். அந்தப் பை ரப்பர் அன்று, துணி. நைலான் 66 என்னும் இழையை நெருக்கமாக நெய்து, வெட்டி, தைத்து, மடித்து வைத்திருக்கிறார்கள். எத்தனையோ கோடி ரூபாய்க்குப் பனியன் தைத்து அனுப்பும் திருப்பூருக்கு அருகில் இருந்துகொண்டு, உயிர்காக்கும் இந்தத் துணியை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

இதைக் கண்டுபிடித்த கதையிலும் ஒரு குழந்தை இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் முன்பு கடற்படையில் பணிபுரிந்த ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர் 1952இல் மனைவியோடும் ஏழு வயது மகளோடும் காரில் சென்றார். மகள் முன்னிருக்கையில் இருவருக்கும் நடுவே. சாலையில் கிடந்த பாறையைத் தவிர்க்கக் காரைத் திருப்பியபோது அது பள்ளத்தில் இறங்கியது. அந்தக் கணத்தில் தாயும் தந்தையும் தம்மை மறந்து மகளின் முன்னால் கையை நீட்டித் தடுத்தார்கள். கைக்குப் பதில் வேறொன்று நீளக் கூடாதா என்ற எண்ணம் அன்றிரவே அவருக்குத் தோன்றியது. 1953இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஜெர்மனியில் வால்டர் லிண்டரர் என்பவரும் இதே போன்ற ஒன்றுக்கு உரிமை பெற்றார். ஆனால் மோதலை நொடியில் உணரும் கருவி அன்று இல்லை. மெர்சிடிஸ் காரில் 1981இல் இது வந்தபோது ஹெட்ரிக்கின் உரிமைக் காலம் முடிந்து போயிருந்தது. அவருக்குக் காசு ஒன்றும் கிடைக்கவில்லை. நம் நாட்டில் ஓட்டுநருக்கான பை 2019 ஜூலை முதலும், பக்கத்து இருக்கைக்கான பை அதன் பிறகு 2021இல் புதிய வகைக் கார்களில் தொடங்கியும் கட்டாயமாக்கப்பட்டன. அதற்கு முந்தைய கார்கள்தான் இன்று பழைய கார்ச் சந்தையில் நம் போன்றவர்களின் கைக்கு வருகின்றன.

பட்டறையில் நான் மிகுந்த கோபத்தில் இருந்தேன். "பை இருந்திருந்தால் என் மருமகன் நெற்றி கிழிந்திருக்காதே" என்றேன். இளைஞர் தயங்கினார். பிறகு, பெரியவரிடம் சொல்கிறோமே என்ற கூச்சத்தோடு சொன்னார்.

"பாய், கோவிச்சுக்காதீங்க. முன்னால போன வண்டியும் ஓடிட்டு இருந்ததால அடி குறைவுங்க. இந்த அடிக்குப் பை இருந்தாலும் திறந்திருக்காதுன்னுதான் நினைக்கிறேன். ஒருவேளை திறந்திருந்தா, மடியில இருந்த குழந்தையோட நிலைமையை நினைச்சுப் பாருங்க. வளர்ந்த ஆள் நெஞ்சைத் தாங்கறதுக்குன்னு அது வெடிச்சு வருது. குழந்தையோட தலை அதுக்கு ஒட்டினாப்பல இருந்திருக்கும்."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. பிறகு படித்து அறிந்தேன். காற்றுப்பை பரவலாகத் தொடங்கிய 1990களில் அமெரிக்காவில், முன்னிருக்கையில் பெல்ட் இல்லாமல் அமர்த்தப்பட்ட குழந்தைகளும், முன்னிருக்கையில் பின்நோக்கிய தொட்டிலில் கிடத்தப்பட்ட பச்சிளங்குழந்தைகளும் அந்தப் பையின் அடியாலேயே இறந்திருக்கிறார்கள். வேகமில்லாத, பெரியவர்கள் எழுந்து நடந்து சென்ற சிறு மோதல்களில்! அதன் பிறகுதான் 1997 வாக்கில் பைகளின் விசையைக் குறைக்க அந்நாட்டு அரசு இடமளித்தது. 12 வயதுவரை பிள்ளைகளைப் பின்னிருக்கையில்தான் அமர்த்த வேண்டும் என்று வற்புறுத்தியது. நம் நாட்டிலும் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. யார் கட்டியிருக்கிறோம்? யார் கட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்? நம் வீட்டுத் திருமணங்களுக்குப் புறப்படும் கார்களைப் பாருங்கள். முன்னிருக்கையில் மாமியின் மடியில் ஒன்று, பின்னால் ஆறு பேர், அவர்கள் மடியில் மூன்று. தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் ஏது என்று நாம் நினைக்கிறோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்தும் வலு எந்தத் தாயின் கைக்கும் இல்லை. ஹெட்ரிக்கின் மனைவி கையை நீட்டியது பாசம். அந்தப் பாசத்துக்கு வலுப் போதாது என்று கண்டுதானே அந்த மனிதர் காகிதத்தை எடுத்து வரையத் தொடங்கினார்.

பையின் பெயரிலேயே இந்தச் செய்தி இருக்கிறது. மூடியின் மேல் எஸ்.ஆர்.எஸ். என்று மூன்று எழுத்துகளைப் பொறித்திருப்பார்கள். முதல் எழுத்துக்கு "துணையான" என்று பொருள். சீட் பெல்ட்டுக்குத் துணை. அதற்கு மாற்று அன்று. பெல்ட் நம்மை இருக்கையோடு நிறுத்தினால்தான் பை சரியான இடத்தில் நம்மைச் சந்திக்கும். 2022 செப்டம்பர் 4ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே சூர்யா ஆற்றுப் பாலத்தில் நடந்த விபத்தில், டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். விலையுயர்ந்த கார், எல்லாப் பைகளும் உள்ள கார். முன்னிருக்கையில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்னிருக்கையில் இருந்த இருவரும் பெல்ட் அணியாதிருந்தார்கள், இருவரும் மாண்டார்கள். பின்னால் உட்காருபவருக்குப் பெல்ட் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

ஆகவே அந்தத் தம்பியின் முன் போய் நின்றபோது என் கோபத்தில் பாதி என் மீதே திரும்பியிருந்தது. மீதிப் பாதியை அவரிடம் கொட்டினேன். அவர் மறுக்கவில்லை. மோதிய வண்டி என்று தெரிந்தேதான் வாங்கியிருக்கிறார். பட்டறையில், "விளக்கு எரியாமல் பார்த்துக் கொடுங்கள்" என்று சொன்னதையும் ஒப்புக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்தபடி ஒரு வார்த்தை சொன்னார்.

"உள்ளது உள்ளபடின்னு எழுதித்தானே கொடுத்தேன் ஹஜ்ரத். எல்லாக் குறைக்கும் பொறுப்பில்லைன்னு சொல்லி வித்தா வியாபாரம் கூடும்னு நீங்கதானே ஒருநாள் ஜும்ஆ பயானில் சொன்னீங்க."

சொன்னேன். உண்மைதான். ஹனஃபீ சட்ட நூல்களில் அப்படித்தான் இருக்கிறது. எல்லாக் குறைகளிலிருந்தும் தனக்குப் பொறுப்பு நீங்கியது என்ற நிபந்தனையுடன் ஒருவர் விற்று, வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டால், பின்னர் குறை கண்டு பொருளைத் திருப்ப முடியாது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இதில் மாறுபடுகிறார்கள். மதரஸாவில் பிள்ளைகளுக்கு நானே நடத்தும் பாடம் அது. என் பாடத்தை எடுத்து என் முன்னாலேயே வைத்துவிட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தத் தம்பி சிறுவனாக இருந்தபோது ஒரு மீலாது விழாவில் ஒரு நபிமொழியைப் பிழையின்றிச் சொல்லி என் கையால் பேனா பரிசு வாங்கியது நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்ததென்று வணிகர் சொன்னதும், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் கேட்டதும், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்ததும்தான் அந்த நபிமொழி. சட்டப்படி வியாபாரம் நிலைத்தாலும், தெரிந்த குறையை மறைத்த பாவம் நிலைக்காமல் போகுமா? கறுப்புச் சாயத்துக்கு எந்த இமாம் இடம் கொடுத்திருக்கிறார்?

எழுந்து ஒளு செய்துவிட்டு ஹிதாயாவைப் புரட்டினேன். நான் பலமுறை நடத்தியும் மனத்தில் தங்காத ஒரு செய்தி அங்கே இருந்தது. ரொட்டி சுடத் தெரிந்தவன், எழுதத் தெரிந்தவன் என்று சொல்லி ஓர் அடிமை விற்கப்பட்டு, பிறகு அவனுக்கு அது தெரியாதென்று தெரிய வந்தால், வாங்கியவருக்கு விருப்பம் உண்டு. முழு விலைக்கே வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் திருப்பிக் கொடுத்துவிடலாம். குறையைப் பற்றிய சட்டம் வேறு. இருக்கிறதென்று சொல்லி விற்ற சிறப்பு இல்லாமற் போவது வேறு. குறைக்குப் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்தவர், இரண்டு ஏர்பேக் உள்ள வண்டி என்று தம் வாயால் சொல்லியும் விற்றிருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஃபர்கானாவில் பிறந்த மர்கீனானீ (ரஹ்) அவர்கள் காற்றுப்பையைக் கண்டவர்களல்லர். ஆனாலும் அடுப்பங்கரைக்கு ஆள் தேடிப் போய் ஏமாந்த ஒருவரின் வழக்கை எனக்காகவே எழுதி வைத்தது போல் இருந்தது.

மறுநாள் அஸருக்குப் பின் பள்ளிவாசலில் இருவரையும் உட்கார வைத்து இதைச் சொன்னேன். என் ஜும்ஆ பயான் பாதிப் பாடம்தான் என்றும், மீதியைச் சொல்லாமல் விட்டது என் தவறு என்றும் சொன்னேன். வண்டியைத் திருப்பித் தரும் உரிமை என் மச்சானுக்கு உண்டு என்றதும் தம்பியின் முகம் வெளுத்தது. கையிலிருந்த பணத்தையெல்லாம் வேறு வண்டிகளில் போட்டிருந்தார். கடைசியில் அவரே வேறு வழி சொன்னார். வண்டி உங்களிடமே இருக்கட்டும். பைகள், பெட்டி, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கருவி, ஸ்டியரிங்கின் உள்ளே சுருண்டிருக்கும் கம்பிச்சுருள் அனைத்தையும் புதிதாகப் போட்டுத் தருகிறேன். செலவை நான் ஏற்கிறேன். கணக்குப் பார்த்தபோது 80 ஆயிரத்தைத் தாண்டியது. பழைய உதிரிபாகம் என்றால் கால்பங்கு விலையில் முடியும் என்றார். மச்சான் மறுத்துவிட்டார்.

மறுத்தது நல்லதாயிற்று என்பதைப் பிறகு அறிந்தேன். எந்த வண்டியில், எந்த ஊர் வெயிலில், எத்தனை ஆண்டுகள் இருந்தது என்று தெரியாத பையை நம்ப முடியாது. ஜப்பானின் தகாடா நிறுவனம் செய்த பைகளில் அமோனியம் நைட்ரேட் என்ற பொருளைப் பயன்படுத்தினார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் ஆண்டுக்கணக்கில் இருந்தபின் அது பதம் கெட்டு, குடுவையையே சிதறடித்து, இரும்புத் துண்டுகளை ஓட்டுநரின் கழுத்தில் பாய்ச்சியது. நம் உறவினர்கள் பலர் வாழும் மலேசியாவிலும் சிலர் இப்படி இறந்தார்கள். உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் அந்த நிறுவனம் திவாலானது. இந்தியாவிலும் பல கார்களுக்கு இலவசமாகப் பை மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த அழைப்புக் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குத்தான் போகும். மூன்றாவது கை மாறி வாங்கிய நமக்கு யார் எழுதுவார்கள்? காரின் சட்ட எண்ணை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் பணிமனையில் நாமே போய்க் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். கேட்கத்தான் வேண்டும். எங்கள் காரின் எண்ணையும் கொடுத்துக் கேட்டோம். அதில் அப்படி ஒன்றும் இல்லை.

வேலை முடிய ஒன்றரை மாதம் ஆயிற்று. தம்பி மூன்று தவணையில் பணத்தைக் கட்டினார். ஒரு தவணைக்கு அவரிடம் குறைந்தபோது நான் கொஞ்சம் கொடுத்தேன். வாக்குக் கொடுத்தவனுக்கும் பங்கு உண்டல்லவா? தங்கைக்கு இது தெரியாது. இந்த இதழ் அவள் வீட்டுக்கும் வருவதால் இனித் தெரிந்துவிடும். அந்தத் தம்பி இப்போதும் கார் வியாபாரம்தான் செய்கிறார். விற்பதற்கு நிறுத்திய வண்டிகளின் கண்ணாடியில், மோதிய வண்டி என்றால் மோதிய வண்டி என்றே எழுதி ஒட்டுகிறார். வியாபாரம் சற்றுக் குறைந்திருக்கிறது என்று சொன்னார்.

சென்ற வாரம் அவர்களோடு கருமத்தம்பட்டிவரை போக வேண்டியிருந்தது. பையனைப் பின்னிருக்கையில் அவனுக்கென்று வாங்கிய குழந்தை இருக்கையில் கட்டிவிட்டு, தங்கை அவன் பக்கத்தில் அமர்ந்தாள். முன்னால் வர வேண்டும் என்று அவன் தெருவே கேட்கும்படி அழுதான். நெற்றித் தழும்பு சிவந்தது. மச்சான் சாவியைத் திருப்பினார்.

"எரிஞ்சுதா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் தங்கை.

"எரிஞ்சுது."

நாங்கள் மூவரும் பேசாமல் இருந்தோம். பையனின் அழுகை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அணைஞ்சுதா?"

"அணைஞ்சுது" என்றார் மச்சான். பிஸ்மில்லாஹ் சொல்லி வண்டியை எடுத்தார்.